மதியத்துக்கு மேல் அம்மா

வசதி உள்ளவன் சும்மா உட்கார்ந்தால் அது ஓய்வு. கூலிக்காரி உட்கார்ந்தால் சோம்பேறித்தனம். இப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வாயில் வருகிறது. ஆனால் பத்து வயதில் நானும் அந்தக் கட்சிதான்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊர். அம்மா களையெடுக்கப் போவாள். நாள் கூலி இல்லை, காண்டிராக்ட்டு. பெண்கள் சேர்ந்து ஒரு வயலைப் பேசி எடுத்து, விடியும்போதே இறங்கி, மதியத்துக்குள் முடித்துவிடுவார்கள். அம்மாவின் கைவேகம் அப்படி. அவளைத் துரத்திக்கொண்டே மற்றவர்களும் முடிப்பார்கள். அதற்குப் பிறகு அம்மா கண்மாயில் இறங்குவாள். துணி துவைக்க இல்லை, தண்ணீர் எடுக்க இல்லை. சும்மா மல்லாந்து மிதப்பாள்.

எனக்கு ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. "பொங்கலுக்குப் பாப்போம்" என்று சொல்லியிருந்தாள்.

ஒருநாள் நான் கஞ்சி கொண்டுபோயிருந்தபோது வயல்காரர் வந்தார். வேலை அதற்குள் முடிந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

"சாயங்காலம் வரைக்கும் பக்கத்து வயலையும் பாருங்க. கூலியக் கூட்டித் தாரேன். நீ சரின்னா எல்லாரும் இறங்குவாளுக" என்றார் அம்மாவிடம்.

எனக்கு சைக்கிள் மணிச் சத்தமே கேட்டுவிட்டது.

"மதியத்துக்கு மேல எனக்கு வேலை கெடக்குய்யா" என்றாள் அம்மா.

"என்ன வேலை?"

"கம்மாயில குளிக்கணும்."

"அதுக்கு எவன் கூலி தாரான்?"

"அதுக்காகத்தான காலையில உங்க வயல்ல குனியுறேன்."

அவரிடம் அப்படிப் பேச ஊரில் ஆண்களுக்கே வாய் வராது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உடனே அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பிடித்துக்கொண்டாள்.

"வார காச வேணாங்கிறியே, நீ என்ன ஜமீன்தார் மகளாக்கா?"

"ஆமா. நீயும் அவரு மகதான். வா, குளிப்போம்."

சின்னம்மா திட்டிக்கொண்டே பின்னால் போனாள். மற்றப் பெண்களும் போனார்கள். சேலையோடு இறங்கினார்கள். அம்மாவைப் போல் மிதக்கப் பார்த்து சின்னம்மா முங்கினாள். தண்ணீரைக் குடித்து, இருமி, எழுந்து, அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்தாள். வயலில் இந்தப் பெண்கள் இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"ஏத்தா, நீயும் வா!" என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. என் சைக்கிள் போய்விட்டது, இதில் இவர்களுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது என்று கரையில் முறைத்துக்கொண்டு நின்றேன்.