ஊதாவில் ஒரு மஞ்சள் பொட்டு

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் மழைக்கு ஒரு புடவைக் கடைக்குள் ஒதுங்கி நிற்கிறேன். தைக்கக் கொடுத்த ஆறு நிறக் கொடியை வாங்கிப்போக செல்வி என்ற திருநங்கை வந்திருக்கிறார். ஊரில் ஆட்சி மாறியிருக்கிறது; துணிந்து நாளை யாழ்ப்பாணம் போகிறார், தன்னைப் போன்றவர்களின் ஊர்வலத்தில் நடக்க. நிறங்களின் வரிசையை நானும் மேலிருந்து கீழாகச் சரிபார்க்கிறேன். சரிதான்.

கடைக்கார அம்மாள் செல்வியின் ஊர்க்காரர். "கொம்மா பார்ப்பாவோ?" என்று செல்வியின் தாயைப் பற்றிக் கேட்கிறார்.

"ஊர்வலம் எங்கட வீட்டுக் கேற்றடியாலதான் போகுது அக்கா. அவ என்னோட கதைக்கிறேல்லை. யன்னலைக் கொஞ்சமாத் திறந்துவைச்சுப் பார்ப்பா."

"ஓம், விடுப்புப் பாக்காமல், எட்டி எட்டிப் பாக்காமல் கொம்மாவால இருக்க ஏலாது."

சொல்லிக்கொண்டே அவர் சாமிப் படத்தடியில் குழைத்து வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு, புதுத்துணிக்கு வைக்கும் வழக்கப்படி, கொடியின் கீழ் மூலையில் பொட்டாக வைக்கிறார்.

"ஐயோ அக்கா, ஊதாவில கறை பிடிக்கும்!"

"பிடிக்கட்டும். பிள்ளையைப் பொட்டு வைச்சு அனுப்ப இஞ்ச ஆக்கள் இருக்கினம் எண்டு கொம்மா பாக்கட்டும்."

"யன்னலில இருந்து பாத்தா இது தெரியாதே?"

"அப்ப கேற்றடிக்கு வரட்டுமன்."

செல்வி கொடியை மடிக்கிறார், பொட்டு மேலே தெரியும்படி.