வடிவான வருடம்

கொட்டாஞ்சேனையில் தேயிலையைப் பொதி செய்து ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் கடிதங்கள் எழுதுவது என் வேலை. ஒருநாள் புகைக் கணக்கும் என் தலையில் விழுந்தது. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் படிவம் அனுப்பியிருந்தார்கள். ஜெனரேட்டர் குடித்த டீசல், மின்சாரம், ஏசியில் கசிந்த வாயு எல்லாவற்றையும் காபனீரொட்சைட் எடைக்கு மாற்றி எழுத வேண்டும். எங்கள் ஏசி வாயு ஒரு கிலோ கசிந்தால் ஒரு தொன்னுக்கு மேல் எழுத வேண்டுமாம். அதுவரை அந்த ஏசியை அப்பாவி என்று நினைத்திருந்தோம்.

இனி வரும் வருடங்களை ஒப்பிட ஓர் அடிப்படை வருடமும் கேட்டார்கள். முதலாளி கணக்குகளைப் பார்த்தார்.

"இதைப் போடுங்கோ பிள்ளை. ஆகக் குறைவு. பார்க்க வடிவா இருக்கு."

அது நாடே டீசலுக்கு வரிசையில் கிடந்த வருடம். எனக்கும் வடிவாகத்தான் தெரிந்தது. போட்டேன்.

பிறகு கடிதம் வந்தது. அந்த வருடத்தைவிட இப்போது இரண்டு மடங்கு புகையாம். குறைக்காவிட்டால் ஓடர் இல்லை. அந்த ஓடர் போனால் பொதி செய்யும் நாற்பது பெண்களும் நானும் வீட்டில்தான். அந்த வருடம் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பாராட்டி வேறு கேட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டீசல் இல்லை. பாதி நாள் கரண்ட் இல்லை. ஊழியர்கள் வெள்ளவத்தையிலிருந்து நடந்து வந்தார்கள்" என்று எழுதினேன். ஊழியர்கள் என்பது நான்தான்.

அசாதாரணமான வருடம் என்றால் மாற்றலாம், ஆதாரம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. ஆதாரம் என் போனில் இருந்தது. டை கட்டாமல் ஒருநாளும் ஒஃபிசுக்கு வராத முதலாளி, டீசல் வரிசையில், சாரத்தோடு, பிளாஸ்டிக் கதிரையில் வாயைத் திறந்து தூங்குகிறார். மடியில் வெறும் கேன். காட்டினேன்.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"உங்கட வீட்டிலயிருந்து சோத்துப் பார்சல் கொண்டுவந்தனான் எல்லே, சேர். அண்டைக்கு."

"ஏன் எடுத்தனீங்கள்?"

"சும்மா, பொதி செய்யிற பிள்ளையளுக்குக் காட்டிச் சிரிக்க."

அவர் கோபிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு மெலிஞ்சு போயிருக்கிறன்" என்றார். பிறகு, "அனுப்புங்கோ."

அனுப்பினேன். அடிப்படை வருடத்தை மாற்றினார்கள், ஓடர் தப்பியது. அன்றைக்கு அந்தப் பார்சலில் பாதியை வரும் வழியில் நான் சாப்பிட்டுவிட்டேன் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.