ஓம் கதவும் குறுக்குப் பாதையும்

போன் திருத்தச் சொல்லி வருகிறவர்கள் பழுதைச் சொல்வார்கள். டிவி கேம் கேட்டு வருகிறவர்கள் மனதில் இருப்பதைச் சொல்வார்கள், அதைத் திருத்துவதுதான் கஷ்டம்.

குருக்கள்மடத்தில் வீதியோரம் என் கடை. போன் திருத்துவது சோற்றுக்கு. பழைய தாவிக் குதிக்கும் கேம்களைக் கணினியில் திறந்து, அதில் ஓடுகிற ஆளை அழித்துவிட்டு நம்மூர் ஆளைப் படமாகக் கீறுவது என் பைத்தியத்துக்கு. சின்னச் சின்னச் சதுரங்களுக்கு நிறம் நிரப்பிச் செய்யும் அந்த உருவத்துக்கு ஸ்பிரைட் என்று பெயர். "இந்த வயசிலும் கேமா?" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவிகள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கூரைக்கு மேலால்

நாசர் காக்காவுக்குக் காத்தான்குடியில் புடைவைக் கடை; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். போன் கண்ணாடி மாற்ற வந்தவர், மேசையில் ஓடிக்கொண்டிருந்த கேமைக் கண்டதும் கையில் எடுத்துவிட்டார். இரண்டாம் கட்டத்தில் ஆளை மேலே ஏற்றி, திரையின் கூரைக்கு வெளியே, புள்ளிக் கணக்குக்குப் பின்னால் ஓடவிட்டார். ஆள் மறைந்தே போனான். கொஞ்சத் தூரம் போய் அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு கதவு. அதற்குள் நுழைந்தால் நடுவிலுள்ள கட்டங்களை எல்லாம் விட்டுவிட்டு நேரே கடைசிக் கட்டம்.

அந்த வழி எனக்கும் தெரியும். எனக்கு என் மச்சான் காட்டினான், அவனுக்கு வேறு யாரோ. முதன்முதலில் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்பதுதான் என் யோசனை. காக்காவின் யோசனை வேறு: கேமைச் செய்தவன் இதை ஏன் ஒளித்து வைத்தான்? கண்ணாடி ஒட்டி முடியும்வரை யோசித்துவிட்டு அவரே பதிலும் சொன்னார்: "மறைக்கணும் எண்டா பாதையப் போடாமலே உட்டிருக்கலாமே தம்பி. தேடி வாற ஆக்கள் ஆரெண்டு பாக்க அவனுக்கு ஆசை இரிந்திரிக்கும்."

முந்தானை

ஒருமுறை கேமின் நாயகனை எடுத்துவிட்டு, சாறி கட்டிய பெண்ணொருத்தியைக் கீறினேன். மடிப்பு, முந்தானை எல்லாம் வைத்து, எனக்கே பெருமை தாங்கவில்லை. களுதாவளையில் தையல் கடை நடத்தும் ராணியக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தக் கேம்களில் வலப்பக்கம் பார்க்கும் உருவத்தை மட்டும்தான் நாங்கள் கீறுவோம். இடப்பக்கம் திரும்பும்போது அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இயந்திரம் புரட்டிப் போட்டுக்கொள்ளும். அக்கா அவளை இரண்டுதரம் அங்குமிங்கும் நடக்கவிட்டுப் பார்த்தார். "திரும்புற நேரமெல்லாம் இவ முந்தானைய மற்றத் தோளுக்கு மாத்துறாவே. பிறகு எப்ப போய்ச் சேர?"

கோட்டை

கிரானிலிருந்து வந்த விவசாயி ஒருவர், வயலுக்குள் விழுந்த போனை என்னிடம் தந்துவிட்டுக் காத்திருந்தார். நான் கேமின் கடைசிக் கட்டத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நாயகன் கோட்டைக்கு வந்து, நாயகியின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு; கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். அதனால் அவருக்கு அந்த முடிவு பிடிபடவே இல்லை. "இவ்வளவு பாடுபட்டு அவட வீட்டுக்கு வந்தவன், பிறகு எங்க கூட்டிட்டுப் போறான்? அங்கயே இருக்கலாம்தானே."

அன்றைக்கே கோட்டையை இடித்துவிட்டு ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினேன்.

சுகந்தினி ரீச்சரின் கேள்வி

அந்த ஓட்டு வீட்டைக் கேள்விப்பட்டுத்தான் சுகந்தினி வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். கட்டாரில் வேலை செய்யும் ரமணனுக்கு அவரைப் பேசியிருந்தார்கள். கலியாணம் முடிந்ததும் ரீச்சர் வேலையை விட்டுவிட்டு கட்டாருக்குப் போய்விடுவார் என்று மாப்பிள்ளையின் ஆட்களே தீர்மானித்துவிட்டார்கள். ரமணன் என்ன நினைக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவருக்குப் பழைய கேம் என்றால் உயிர் என்பதுதான்.

ரீச்சர் கேட்டபடி அதே கேமின் மூன்றாம் கட்டத்தில் ஒரு பலகை நட்டேன்: "கலியாணத்துக்குப் பிறகும் நான் படிப்பிப்பேன். சம்மதமா?" ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த சதுரத்துக்குள் 'ணத்து'வை அடக்குவதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது. பலகைக்குக் கீழே இரண்டு கதவுகள். 'ஓம்' கதவால் போனால் வீட்டுக்கு வழி. 'இல்லை' கதவால் போனால் மறுபடியும் தொடக்கத்துக்கு. வீட்டு வாசலில் ரீச்சரைப்போலவே ஒரு பெண் நின்றாள்.

"இதை எழுதியே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எழுதிக் கேட்டா அவர் தன்ட பெரியக்காக்கிட்டக் காட்டித்தான் பதில் எழுதுவார் அண்ணன். விளையாடக்குள்ள பக்கத்தில அக்கா இருக்கமாட்டா."

ஒரே இருப்பில்

கேமை ரமணனுக்கு அனுப்பிய அந்தக் கிழமையே ரீச்சர் ஓடி வந்தார். ரமணன் கேமை முடித்துவிட்டு, கடைசித் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வீட்டு வாசலில் மாப்பிள்ளை நின்றார். ஓம் கதவால் போகாமல் அங்கே வர ஏலாதே. நாள் பார்க்கச் சொல்லி ரீச்சர் அம்மாவிடமும் சொல்லிவிட்டாராம். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பின்னேரம் ரமணன் என்னைப் பாராட்டவென்றே கட்டாரிலிருந்து போன் எடுத்தார். "ரெண்டாம் கட்டத்தில கூரைக்கு மேலால போற வழிய அப்படியே விட்டிருக்கீங்க அண்ணன், நல்ல மனுசன். அதால போய் ஒரே இருப்பில முடிச்சிட்டன், நடுவில ஒண்டையும் காணவே இல்ல."

அடைத்த கூரை

விடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் ரீச்சரைப் பிடித்து, ரமணன் பலகையைக் காணவே இல்லை என்ற விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. மணி அடித்தும் உள்ளே போகாமல் நின்றார். பிறகு, "கூரைய அடைச்சிட்டுத் திரும்ப அனுப்புங்க அண்ணன்" என்றார். நாள் பார்க்கும் வேலையையும் அம்மாவிடம் சொல்லி நிற்பாட்டிவிட்டார்.

அடைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. ரீச்சர் தினமும் கடை வாசலில் சைக்கிளை நிறுத்துவார், நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன், போய்விடுவார். இதைவிடப் பழுதான போன் நூறு திருத்தலாம்.

ஒருநாள் ரமணனின் போன் வந்தது. "ரெண்டு கதவு நிக்குது அண்ணன். எது குறுக்கு?" என்றார்.

"இதுக்குக் குறுக்கு இல்ல தம்பி. பலகைய வாசிங்க."

பலகையில் இருந்ததை அவர் முணுமுணுத்து வாசிப்பது கேட்டது. பிறகு குதிக்கிற சத்தமும், கதவு திறக்கிற சத்தமும், கடைசிக் கட்டத்து மேளமும் கேட்டன. ரமணன் சொன்னார்: "வீட்டு வாசலுக்கு வந்திட்டன் அண்ணன். அவட கையில ஒரு புத்தகப் பை கீறி விடுங்க, பள்ளிக்கூடம் போறவ வெறுங்கையோட நிக்கிறா."

ஆக, கேம் செய்தவன் ஒளித்து வைத்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற ஆம்பிளைகளை, பெண் பலகை நட்டுக் கேட்ட கேள்விக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த மட்டும் என்னைப்போல் ஒருவன் கூரையை அடைக்க வேண்டியிருக்கிறது.