சுட்ட வழுதலங்காயும் ஒரு கரண்டி எண்ணெயும்

என் மனைவிக்கு மஞ்சள்காமாலை கண்டது கல்யாணமான அடுத்த ஆனியில். எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேராத காலம் அது. அருமனையில் மழை பிடித்தால் விடாது. வெறித்து ஓய்ந்த பிறகும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். அவள் கண் மஞ்சள், நகம் மஞ்சள், பாயில் ஊறிய வியர்வை மஞ்சள். சோற்றைக் கண்டால் ஓங்கரிப்பாள். வலி என்று ஒரு சொல் சொன்னதில்லை. கயிறு நழுவிய வாளி கிணற்றில் அமிழ்வதைப்போல, என் கண்முன்னே இறங்கிக்கொண்டிருந்தாள்.

திருவட்டாற்றிலிருந்து வந்த வைத்தியர் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்.

"மருந்து பாதி, பத்தியம் பாதியாக்கும். உப்பு ஆகாது. எண்ணெ ஒரு சொட்டு ஆகாது, சொல்லியாச்சு. கஞ்சி குடுங்க. தொட்டுக்க, வித்து வைக்காத வழுதலங்காயக் கனல்ல சுட்டுக் குடுங்க. வயித்துல ஏதாவது தங்கிச்சுண்ணா பிழைச்சுக்கிடுவா."

கத்தரிக்காய்க்கு எங்கள் பக்கத்துப் பெயர் வழுதலங்காய். தங்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை. கேட்டுவிடுவேனோ என்பதுபோல அவரும் குடையை விரித்துவிட்டார்.

அந்த மழையில் எங்கே போக? செடிகள் அழுகிக் கிடந்தன. சந்தைக்கு வந்ததெல்லாம் முற்றல். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா தன் விளைத் தோட்டத்தைத் துழாவி மூன்று காய் கொண்டுவந்தாள்.

"இதோட தீந்து. இனி கேட்டா எனக்க தலையத்தான் சுடணும்."

அம்மாவுக்குப் புகை ஆகாது, இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் அடுப்படியில் நான். தேங்காய்ச் சிரட்டையைக் கொளுத்தி, தீ நாக்கெல்லாம் அடங்கிச் சிவந்த கனல் மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்தேன். காத்திருக்கத் தெரியாதவன் நான். காம்பைப் பிடித்துக் காய்களைக் கிடத்தினேன், புரட்டினேன், உடனே மறுபடி புரட்டினேன்.

"மாமி, உங்க மவனப் பாத்தியளா?" அக்கா வாசலில் நின்று சிரித்தாள். "பச்சப் பிள்ளைய எண்ணெ தேச்சுப் பெரட்டுகது போலல்லா பெரட்டுகான்!"

"சும்மா கெடயேம்ட்டி. அவன் பாடு அவனுக்கு" என்றாள் அம்மா.

தோல் சுருங்கியது, கறுத்தது, ஒரு பக்கம் வெடித்தது. ஆவி சீறிக்கொண்டு வந்தது. அந்தச் சுட்ட மணம் என்னைத் தாண்டி உள்ளறைக்குப் போயிற்று.

"என்னது மணக்குது?"

அவள் குரல். தீனியைப் பற்றி அவள் வாய் திறந்து எத்தனை நாளாயிற்று! விரல் பொள்ளப் பொள்ளத் தோலை உரித்தேன். சதையைச் சட்டியில் போட்டு மசித்தேன். ஓடிப்போய் அவளைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அம்மா கையில் காலியான எண்ணெய்க் கரண்டி.

எங்கள் வீடுகளில் எந்தக் கறியானாலும் இறக்கியபின் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி விட்டால்தான் சமையல் முடிந்ததாகும். அது ருசிக்கு மட்டுமல்ல, கதவைச் சாத்தித் தாழ் போடுவது மாதிரி. பத்தியம் என்று உப்புச் சாடியைப் பரணில் ஏற்றியவளே அம்மாதான். ஆனால் கைக்குப் பத்தியம் தெரியுமா?

"அய்யோ எனக்க மக்கா... கை தானாட்டுல்லா போச்சு."

அம்மாவைக் கோபிக்க என்னால் முடியவில்லை. மசித்த சதையில் வெந்நீரை ஊற்றி அலசினேன். எண்ணெய் சின்னச் சின்ன வட்டங்களாக மிதந்தது. நீரை இறுத்தால் சதையில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஒரு கரண்டிதானே! வைத்தியரு வந்து பாக்கவா போறாரு?" என்றாள் அக்கா.

"போட்டி அங்க! அவ உசுருல்லா" என்று அம்மா அழுதாள்.

வைத்தியரைக் கேட்டு வரலாம் என்றால் ஆறு கரையை முட்டி ஓடியது. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். மழை மட்டும் ஒரு சந்தேகமும் இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

"கொண்டாங்க. பசிக்குது" என்றாள் உள்ளேயிருந்து.

உரித்துப் போட்ட தோல் அடுப்பங்கரையில் கிடந்தது. கரிந்த தோலின் உள்பக்கம் கொஞ்சம் சதை ஒட்டியிருந்தது. அதில் எண்ணெய் படவில்லை. கஞ்சி கோரக் கரண்டிபோல் மடக்கி வைத்திருந்த பிலாவிலையை, பலா இலையை, எடுத்து, அதன் ஓரத்தால் சுரண்டினேன். சாம்பலும் கரியுமாகக் கட்டைவிரல் அளவு தேறியது. கஞ்சியில் வைத்து ஊட்டினேன்.

விழுங்கினாள். ஓங்கரிக்கவில்லை. அடுத்த வாயும் தங்கியது. உதட்டில் கரி.

"இன்னும் இருக்கா?"

"இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. அங்கேருந்து மணம் வருதுல்லா."

வெறுங்கஞ்சியை இன்னொரு இலை கோரி நீட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டு, அந்த மஞ்சள் கண்களால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.