அம்மனிடம் பூக்கேட்ட நாள்

பொன்னுதுரைக்குப் பொய் சொல்ல வராது. சைக்கிள் கடை வைத்திருந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "இந்த டயர் தாங்காது, வாங்காதீங்க" என்று வந்தவரைத் திருப்பி அனுப்புவார். அவர் மனைவி சந்திரமதி தலையில் அடித்துக்கொள்வாள். அந்தக் குணத்துக்காகத்தான் காஜா பெராங் செட்டிகள் அவரைத் தங்கள் அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக வைத்தார்கள். பொன்னுதுரையும் அவர்களும் பல தலைமுறையாக மலாய் மண்ணில் வேரூன்றிய தமிழ் வம்சம், வீட்டுப் பேச்சு மலாய். நடுநடுவே தமிழ் எட்டிப்பார்க்கும். நான் அடுத்த தெருத் தமிழன், எனக்கு வருகிற தமிழில்தான் அவர்கள் பேச்சைச் சொல்ல முடியும்.

கோயில் என்றதும் கோபுரத்தை நினைக்க வேண்டாம். புக்கிட் பாரு போகிற வழியில், வயலுக்கு நடுவே ஒரு பழைய மர மண்டபம், பக்கத்தில் ஒரு மடைப்பள்ளி, அவ்வளவுதான். முன்னோர் அந்த நிலத்தை அம்மன் பேரில் விட்டபோது ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். நெல் விதைக்கலாம், கூரை மாற்றலாம். இருக்கிற கட்டடத்தை இடிக்கக் கூடாது, புதிதாக எதையும் கட்டக் கூடாது. திருவிழாப் பந்தலைக்கூட மறுநாளே பிரித்துவிடுவார்கள்.

ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாம் வருஷம் நல்லையா என்ற காண்டிராக்டர் வந்தார். மண்டபத்தைப் பிரித்து, அந்த மரத்தை வைத்தே பட்டாளத்துக்கு மரவள்ளி மாவு அரைக்கும் ஆலை கட்ட வேண்டுமாம். ஜப்பான்காரன் நினைத்தால் கேட்காமலே பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் வேலைக்கு ஊர்க்காரர்கள் வேண்டும். சாமி குத்தத்துக்குப் பயந்து எவனும் கடப்பாரையைத் தொடமாட்டான் என்று நல்லையாவுக்குத் தெரியும். அதனால் சம்மதம் கேட்டார்.

"ஆலையில வேலை செய்யுற பையங்க கையில பட்டை கட்டுவாங்க. அவங்கள சயாமுக்குப் பிடிக்கமாட்டாங்க" என்றார்.

எல்லோரையும் ஆட்டிவைத்தது அந்த ஒரு பேச்சுதான். சயாம் ரயில்பாதைக்கு லாரி ஏறியவர்களைப் பற்றி ஊரில் ஒரு தகவலும் இல்லை. அடுத்த லாரிக்கு ஆள் குறித்துவிட்டார்கள் என்றும், பொன்னுதுரையின் ஒரே மகன் ராஜரத்தினம் அதில் இருக்கிறான் என்றும் பேச்சு பரவியிருந்தது.

கோயில் கூட்டத்தில் அடிதடி நடக்காத குறைதான். "அம்மனுக்கு மண்டபம் நாளைக்குக் கட்டிக்கலாம் லா. பிள்ளைய யாரு கட்டித் தருவா?" என்று கத்தினார் சுப்பையன். அவருக்கும் ஒரு மகன். பிள்ளை இல்லாதவர்களும், பெண்பிள்ளை மட்டும் பெற்றவர்களும் சாத்திரம் பேசினார்கள். எனக்கு அவர்கள் மேல் இன்றைக்கும் எரிச்சல்தான். கடைசியில் எல்லோரும் பொன்னுதுரையைப் பார்த்தார்கள். அவர் சொல்கிறபடி என்றார்கள். அவரோ, "அம்மன்கிட்டப் பூக்கேட்போம்" என்றார்.

பூக்கேட்பது தெரிந்த வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு, இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் கூடாது.

அன்று இரவு மரவள்ளியைத் தின்றுகொண்டே ராஜரத்தினம் சொன்னான்: "அப்பா, எனக்காக அம்மன் கூரையப் பிரிச்சாங்கன்னு ஊரு சொல்லும். அத சுமந்துக்கிட்டு நான் எப்படி இங்க இருக்குறது?"

"உயிரோட இருந்து சும" என்றார் பொன்னுதுரை. சந்திரமதி அழுதாள்.

காலையில் அவர் நந்தியாவட்டை பறித்தார். செம்பருத்திப் பக்கம் போகவே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து, வாழைநாரால் கட்டி, தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் திருட்டுத்தனம். பாவம்.

மண்டபத்தில் கற்பூரம் காட்டியானதும் அஞ்சலை என்ற பெண்ணைக் கூப்பிட்டார்கள். யார் பக்கமும் சேராதவள். அவள் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே இருந்தது செம்பருத்தி.

பொன்னுதுரை சட்டென்று திரும்பி மகனைப் பார்த்தார். அவன் கைகட்டிக்கொண்டு அம்மனைப் பார்த்தபடி நின்றான். அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது செல்லாது!" என்று அலறினார். "நான் மோசம் பண்ணினேன். ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன். சிவப்பே கிடையாது!"

சுப்பையன் பாய்ந்து இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் செம்பருத்தி. பொன்னுதுரைதான் பொய் சொல்லாதவராயிற்றே! அவர் வெள்ளை வைத்தேன் என்றால் வெள்ளைதான் வைத்திருப்பார். அப்படியானால் சிவப்பாக்கியது யார்?

"அம்மா! தாயே!" என்று அஞ்சலைதான் முதலில் விழுந்தாள். பிறகு எல்லோரும் விழுந்தார்கள். மகனைக் காப்பாற்றத் துடித்த சுப்பையனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்தார்.

"எந்திரிங்க! இவன் மாத்திட்டான்! சொல்லுடா, நீதானே மாத்தினே?" மகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார் பொன்னுதுரை.

ராஜரத்தினம் அவர் கையை மெல்ல விலக்கினான். "நான் தொடலப்பா" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டான். "ரெண்டுலயும் வெள்ளை வைப்பீங்கன்னு தெரியும். நீங்க குளிக்கப் போனப்ப மாத்திட்டேன். நீங்க எனக்காக ஒரு பொய் சொல்லப் பார்த்தீங்க. நான் உங்க பேருக்காக ஒண்ணு சொன்னேன்" என்றான். பொன்னுதுரை அவனை ஓங்கி அறைந்தார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நல்லையா ஆலையைக் கிளேபாங் பக்கம் கொண்டுபோனார். அங்கே கையில் பட்டை கட்டியது வேறு ஊர்ப் பிள்ளைகள். லாரி வந்தபோது ராஜரத்தினமும் சுப்பையன் மகனும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். இரண்டு பேரும் திரும்பவில்லை.

மண்டபம் நின்றது. வெள்ளைப் பூவைச் சிவப்பாக்கிய அம்மன் என்று உஜோங் பாசிரிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் தர்மகர்த்தாவின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று பொன்னுதுரையைத் தேடுவார்கள். அவரும் ஒளிக்காமல் சொல்வார்: "என் மகன் மாத்தினான். சயாமுக்குப் போயிட்டான்." பிள்ளையைப் பறிகொடுத்ததில் புத்தி கலங்கிவிட்டது என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பிறகு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அம்மனுக்குச் செம்பருத்தி வைக்கப் போவார்கள்.