வண்டிக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள்

எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும், என்னைத் தாண்டிப்போன அத்தனை லாரிக்காரர்களுக்கும் கையசைத்துக்கொண்டே வந்தவன் நான். என் பழைய காரின் அழகில் மயங்கி வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்த லாரிக்காரர்கள் இந்நேரம் விஜயவாடா வரைக்கும் சொல்லியிருப்பார்கள். என் வாயாலேயே வந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

கார் என்னைவிட எட்டு வயது மூத்தது. திருப்பாச்சூரில் ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றதை வாங்கி, மூன்று வருடம் செப்பனிட்டேன். உருண்டைக் கண், சாம்பல் நிறம், ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர். மனிதன் சில சமயம் பின்னோக்கியும் போவான் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது, ரிவர்ஸ் கியர் உண்டு. இருட்டிலும் போவான் என்று தோன்றவில்லை. ரிவர்ஸ் லைட் கிடையாது.

எங்கள் சந்துக்குள் கார் திரும்பாது. முனையிலிருந்து பின்பக்கமாகவே வந்து ஷெட்டுக்குள் நுழைய வேண்டும். அதற்கு என் மனைவி பின்னால் நின்று வழி சொல்வாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. பகலெல்லாம் நின்றபடி பழுதான உருப்படிகளைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, கடைசி உருப்படியாக என்னைப் பார்க்க வேண்டும். லாரி கிளீனர்கள் மாதிரி டிக்கியில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வரலாம். இரண்டு தட்டு என்றால் நிற்க வேண்டும்.

ஐப்பசி மழை நாளொன்றில், விளக்கு வைக்கிற நேரம், அவள் இரண்டு தட்டினாள். நான் இன்ஜின் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தேன். மறுபடி தட்டினாள். அதற்கப்புறம் தட்டியது தட்டல் இல்லை, அடி. பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தால், ஷெட்டின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் முட்டிக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். மறுநாள் காலையில் தோசையைத் திருப்பிப் போட்டபடி சொன்னாள்:

"இனிமே உங்க வண்டிக்குப் பின்னாடி நான் நிக்க மாட்டேங்க. வண்டி வேணும்னா நீங்க வெச்சுக்கோங்க. எனக்கு என் காலு வேணும்."

அதில் வாதாட ஒன்றுமில்லை. ஒரு வாரம் காரை எடுக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ஒரு சாண்தான் தெரிந்தது. அவள் பின்னால் வந்து நிற்க அவசியமே இல்லாதபடி செய்துவிடுவது என்று முடிவெடுத்து, எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியனிடம் போனேன்.

அவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"கியர் பாக்ஸ்ல ஒரு சுவிட்ச் வெச்சிடலாம் சார். ரிவர்ஸ் போட்டா அதுவே எரியும், எடுத்தா அதுவே அணைஞ்சிடும். இன்னா, சின்னதா ஒரு ஓட்டை போடணும்."

"ஓட்டையா? அறுபது வருஷமா யாரும் கைவைக்காத கியர் பாக்ஸ்ங்க அது."

"அப்போ முன்னாடி தனியா சுவிட்ச் வெச்சித் தரேன். கையால போடணும், கையால அணைக்கணும். ஆனா மறந்துகினு போயிருவீங்கோ சார்."

"நான் மறக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து மனப்பாடச் செய்யுளெல்லாம் இன்னும் ஒப்பிப்பேன்."

"செய்யுளுக்கு சுவிட்ச் இல்லையே சார்," என்றார்.

வேலை முடிந்தது. புது விளக்கின் வெளிச்சத்தில் அவர் கடை வாசலிலிருந்து பின்பக்கமாகவே அருமையாக வெளியே வந்தேன். மூக்குக் கண்ணாடியை அவர் மேஜை மேலேயே விட்டிருந்தேன். ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

வானம் மூடிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்னால் வந்த லாரி ஹெட்லைட்டை இரண்டு தரம் அடித்தது. கையசைத்தேன். அடுத்தது ஹாரன் அடித்தது. அதற்கும் அசைத்தேன். ஒரு கிளீனர் கதவுக்கு வெளியே கையை நீட்டி, ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடிக் காட்டினான். லைட் எரிகிறது என்பதற்கு ரோட்டில் அதுதான் சைகை என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பாராட்டை எதிர்பார்த்துப் போகிறவனுக்குச் சைகை எல்லாமே பாராட்டாகத்தான் தெரிகிறது. நானும் ஐந்து விரலை விரித்து விரித்து மூடிக் காட்டினேன்.

ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஒரு லாரி பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா, நீ முன்னாடி போறியா பின்னாடி வர்றியா? எளாவூர்லேர்ந்து வெள்ளை லைட்டைப் போட்டுக்கினு போற. எப்போ மேல வந்து உழுவியோன்னு பிரேக்லேர்ந்து காலை எடுக்காம வந்துகினு கீறேன். பேஜாரா பூச்சு."

விளக்கை அணைத்தேன். அவருக்கு மட்டும் கையசைக்கவில்லை.

சந்து முனையில் மறுபடி விளக்கைப் போட்டு, ஒருவர் துணையும் இல்லாமல் பின்னோக்கி வந்தேன். ஒவ்வொரு செங்கல்லும் தெரிந்தது. அன்று அவள் ஒட்டிக்கொண்டு நின்ற சுவர் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. இரண்டு முழம் இடம் விட்டு நிறுத்தினேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "பரவால்லையே," என்றாள். அவள் வேலை செய்யும் இடத்தில் அதற்கு, உருப்படி தேறிவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் தெம்பில், காபி குடித்துக்கொண்டே லாரிக்காரர்கள் கதை முழுவதையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"இப்ப சுவிட்ச அணைச்சீங்களா?"

யோசித்தேன். செய்யுள்தான் ஞாபகம் வந்தது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். டார்ச் எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். ஷெட்டுக்குள் ஒருக்களித்து நுழைந்து, பம்பருக்கும் சுவருக்கும் நடுவில், எந்த இடத்தில் அவள் நிற்கக் கூடாது என்று இவ்வளவும் செய்தேனோ அதே இடத்தில் போய் நின்றாள். டார்ச்சுக்குத் தேவை இருக்கவில்லை. அவள் புடவை முழுக்க வெளிச்சம்.

"எரியுது," என்றாள். பிறகு வெளியே வந்து, கையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "முன்னல்லாம் வண்டி பின்னாடி வரும்போது மட்டும்தான் நான் நிக்கணும். இனிமே முன்னாடி போறப்பவும் நிக்கணும் போல."