பெண் கொடுக்கப் போகும் ஊரைப் பற்றி எழுதியவன்

இணையக் கலைக்களஞ்சியத்தில் சும்மா எழுதிக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓர் ஊரைப் பற்றி எழுதுமுன், வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் தங்கை மகன், கடற்கரை என்று பெயர், அதைப் பார்த்துக்கொள்ளவில்லை.

அவனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை. சாரல் நின்றுவிட்டால் ரம்புட்டான் கேட்க ஆள் வராது. அந்த மாதங்களில் போனை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்து ஊருக்கெல்லாம் அந்தக் கலைக்களஞ்சியத்தில் பக்கம் எழுதுவான். எத்தனை குளம், எந்தச் சாமி, பஸ் எங்கே நிற்கும், எல்லாம் இருக்கும். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டான். நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னால்கூட, "பேப்பர்ல வந்திருக்கா பெரியம்ம?" என்பான்.

போன பங்குனியில் அவன் தங்கை மகள் முத்துலட்சுமிக்குக் கடையம் பக்கத்து ஊர் ஒன்றில் மாப்பிள்ளை அமைந்தது. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாலு நாள் முன்னால் பையனின் அப்பா பேச்சிராஜ் போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் ஊரைப் பற்றி எழுதிய பக்கத்தில், கோடையில் குடிதண்ணீர் லாரியில்தான் வருகிறது என்று இருந்தது. இரண்டு வருடம் முன்னால் எழுதியது கடற்கரை; அவனும் அப்போது அங்கே இருந்தான்.

"இத அழிச்சிரும் அண்ணாச்சி. சொந்தக்காரங்க பாத்துட்டுச் சிரிக்காங்க."

"நான் அழிக்கக் கூடாது. சொந்தக்காரன் அதுல கை வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"எழுதும்போது மட்டும் கை வச்சீரே?"

"அப்ப நீரு யாருன்னே தெரியாதே."

"அழிக்காம நிச்சயம் கிடையாது, பாத்துக்கிடும்."

முத்துலட்சுமி அடுப்படியிலிருந்து வந்தாள். "மாமா, அது நெசமா?"

"பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு."

"அப்ப குடம் தூக்கப்போறது நாந்தான."

பேச்சிராஜைப் பார்த்து நான்தான் சொன்னேன்: "எழுத்த ஏன் அழிக்கச் சொல்லுதீரு, லாரிய நிறுத்தும். குழாய் வரட்டும், தட்டு மாத்துவோம். அதுவரைக்கும் நான் தட்டத் தொட மாட்டேன்."

மருமகள் கல்யாணம் தன்னால் நின்றுவிடுமோ என்று கடற்கரைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அந்த வரியைத் தொடவில்லை. பேச்சிராஜ் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு எட்டுத் தடவை பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தார். மூன்றாம் மாதம் அவர்கள் தெருவுக்குக் குழாய் வந்தது, பேப்பரிலும் வந்தது. அதையும் கடற்கரை எழுதவில்லை. 'நான் பெண் வீட்டுக்காரன், வேறு யாராவது சேர்த்துவிடுங்கள்' என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு மூலையில் கேட்டுவைத்தான். பதினோரு நாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் சேர்த்தார். இப்போது அந்தப் பக்கத்தில் லாரியும் இருக்கிறது, குழாயும் இருக்கிறது. லாரி இருப்பதில் பேச்சிராஜுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

ஆவணியில் தட்டை நானே எடுத்துக் கொடுத்தேன், கல்யாணமும் நடந்தது. மறுவாரம் முத்துலட்சுமி போன் பண்ணினாள்.

"மாமா, குழாயில தண்ணி நல்லா வருது. அங்கன எழுதிருங்க."

"சந்தோசம்ட்டி. ஆனா நீ சொன்னாச் செல்லாது. நீயும் இப்ப அந்த ஊர்க்காரி."